ஐஸ்பழத்தாரின் முன்பிரேக்

வாகனம் என்பது ஓடுவதற்காகச் செய்யப்பட்டது, அதை நிறுத்துவது வீண் ஆடம்பரம் என்று மனதார நம்பிய ஒரே மனிதர், நானறிய, எங்கள் ஐஸ்பழத்தார்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், போர்க்காலத்தில், நான் அவரை அறிந்தபோது அவர் ஐஸ்பழம் விற்கவில்லை. வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் குளத்தடிக் கிராமத்தில் அப்போது மின்சாரமும் இல்லை, ஐஸும் இல்லை. பழைய தொழிலில் மிஞ்சியவை அவருடைய பெயரும், முன்னால் இரண்டு சில்லும் பின்னால் ஒன்றுமாக இருந்த பெட்டிவண்டியும், அதன் மணியும்தான். மிதித்து மிதித்துக் களைத்த மனிதர், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஒன்றைப் பின்சில்லோடு பெல்ட் போட்டுப் பூட்டினார். தொடக்குவதற்கு நாலு துளி பெற்றோல், பிறகு முழுக்க மண்ணெண்ணெய். முதலில் புகை வரும், அடுத்து மணிச்சத்தம் வரும், கடைசியாக அவர் வருவார்.

நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். கடைக்குக் கோதுமை மா மூட்டைகளை ஏற்றி வருபவர் அவர். கடை வாசலில் வந்து நின்றார் என்று எழுதினால் பிழை. கடைச்சுவரில் வந்து முட்டினார் என்பதே சரி. அந்த இடத்தில் வெறும் சாக்குகளை நிரந்தரமாக அடுக்கி வைத்திருந்தோம். வண்டியில் தொற்றிக்கொண்டு வருபவர்களும் பழகிவிட்டார்கள். இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் குதித்து, வண்டியோடு கூடவே கொஞ்சத் தூரம் ஓடி, பிறகு தங்கள் பாட்டில் நடப்பார்கள். பென்சன் எடுத்த தபால்காரர்கூட அதில் கெட்டிக்காரர்.

"அண்ணை, உதுக்கு ஒரு பிரேக் போடக்கூடாதே?"

"பின்னுக்கு இருக்குத்தானே, மனேச்சர்!"

இருந்தது, மறுக்கவில்லை. றப்பர்ச் செருப்பை வெட்டிப் பின்சில்லில் உரசும்படி வைத்திருந்தார். ஆனால் பாரம் எல்லாம் முன்பெட்டியில். பிரேக்கைப் பிடித்தால் பின்சில்லு சுற்றாமல் நிற்கும், வண்டி அதையும் இழுத்துக்கொண்டு போகும். 

இப்படியே காலம் போயிருக்கும். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்குத் தகப்பன் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவை எல்லோரும் மிஸ்ஸி என்போம். அவர் பார்த்துவிட்டு, குழந்தையின் தலை இன்னும் திரும்பவில்லை, வீட்டில் வைத்துப் பிரசவம் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி தூரம். மாட்டுவண்டியில் போனால் பாதிப் பகல் வழியிலேயே போய்விடும். ஊரில் மோட்டர் பூட்டிய வாகனம் ஒன்றே ஒன்றுதான்.

"அதுக்கென்ன மிஸ்ஸி, என்ரை வண்டி இருக்கு" என்றார் ஐஸ்பழத்தார்.

"உந்த வண்டியிலயோ? ஆஸ்பத்திரி வாசல் வந்த உடனை பிள்ளைத்தாச்சியும் குதிச்சு ஓடுறதோ?"

அவர் வண்டியைச் சுற்றி வந்து, முன்சில்லுகளைக் குனிந்து பார்த்தார்.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. உடைந்த மோட்டார் சைக்கிள்கள் இரண்டிலிருந்து பிரேக்கோடு சேர்த்து முன்சில்லுகளைக் கழற்றி வந்து பெட்டியின் இரண்டு பக்கமும் பூட்டினார். வலச்சில்லுக்கு வலக்கைப் பிடி, இடச்சில்லுக்கு இடக்கைப் பிடி. யோசனை நல்லது. ஆனால் மனிதர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் இடப்பக்கம் முந்திக்கொண்டு இறுகும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கத்தில் இருந்தது மிஸ்ஸியின் வேலி.

முதல் நாள் வேலியில் ஒரு பாகம் போனது. மறுநாள் வேலியோடு இரண்டு வாழையும் போயின. மூன்றாம் தடவை ஐஸ்பழத்தார் மிஞ்சிய வாழைக்குள் போய் விழுந்தபோது மிஸ்ஸி குடையோடு வாசலில் நின்றார்.

"ஐஸ்பழத்தார், இண்டைக்குக் குசினி அடுப்பு வரைக்கும் வருவியளோ?"

"கோவிக்காதேங்கோ மிஸ்ஸி. ரெண்டு கையும் ஒருமிக்கப் பிடிக்குதில்லை."

"ரெண்டு மாட்டைப் பூட்டினா ரெண்டு பேரே உழுறது? நுகத்தைப் போட்டு ஒரு ஆள்தானே ஓட்டுறான்!"

மிஸ்ஸி ஏசுவதற்காகச் சொன்ன பேச்சு அது. ஐஸ்பழத்தார் வாழைக்குள் விழுந்து கிடந்தபடியே வாயைத் திறந்து அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

பாலைத் தடியில் சாண் நீளத்துக்கு ஒரு நுகம் செதுக்கினார். அதன் இரண்டு முனையிலும் இரண்டு சில்லின் பிரேக் கம்பிகள். நடுவில் ஒரு கம்பி, அது போவது ஒரே ஒரு பிடிக்கு. பிடியை இழுத்தால், ஒரு பக்கம் முந்தி இறுகினாலும் நுகம் சரிந்துகொடுத்து மற்றப் பக்கத்தையும் இறுக்கும். உழவுமாடு பழகிய ஊரில் இதை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சோதனை குளக்கட்டுச் சரிவில் நடந்தது. சரிவு முடியும் இடத்தில் தண்ணீர். பெட்டிக்குள் மிஸ்ஸியே ஏறி உட்கார்ந்தார். "என்னை நிப்பாட்டிக் காட்டுங்கோ, பேந்து மகளை ஏத்துவம்" என்றார். பெட்டியின் இரண்டு விளிம்பிலும் பாரத்துக்காக இருவர் தொற்றிக்கொண்டோம். ஒருவர் தபால்காரர், மற்றவர் நான்.

வண்டி சரிவில் பாய்ந்தது. தண்ணீர் கிட்ட வந்தது. ஐஸ்பழத்தார் பிடியை இழுத்தார். நாங்கள் இருவரும் வழக்கப்படி குதித்து, வண்டியோடு சேர்ந்து ஓடத் தொடங்கினோம். வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தபோது, மிஸ்ஸி பெட்டிக்குள் விரித்த குடையோடு அசையாமல் இருந்தார்.

"நிக்குதுதான்" என்றார்.

சில நாட்களில், ஒரு முற்பகலில், மகளுக்கு வலி கண்டது. அவளையும் மிஸ்ஸியையும் பெட்டியில் ஏற்றினார். நான் பாயும் பையுமாகச் சைக்கிளில் பின்னால் போனேன். இத்தனை பாடுபட்டுப் பூட்டிய பிரேக்குக்கு அன்று வேலையே இல்லை. ஒவ்வொரு பள்ளத்தையும் கும்பிட்டுவிட்டு இறங்குபவர்போல அவர் ஓட்டினார். விறகு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எங்களை முந்தியது.

"அண்ணை, நிக்குமெண்டு தெரிஞ்சிட்டுது. இனிக் கொஞ்சம் ஓட விடுங்கோ!" என்று மிஸ்ஸி கத்தினார். அதன் பிறகுதான் வேகம் கூடியது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. சுவர் தப்பியது. மகளை உள்ளே கொண்டுபோனார்கள். ஐஸ்பழத்தார் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. மோட்டர் நின்றிருந்தது, நிலமும் சமதரை. ஆனாலும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, வண்டி நிண்டிட்டுது. கையை எடுங்கோ."

"தெரியும், மனேச்சர்."

எடுக்கவில்லை. வெயில் சாய்ந்தது. நான் தேநீர் வாங்கி வந்தேன். அதையும் மற்றக் கையால்தான் குடித்தார்.

கடைசியில் மிஸ்ஸி கதவைத் திறந்துகொண்டு வந்தார். "பெட்டைப்பிள்ளை. தாயும் சுகம். இனி இறங்குங்கோவன்!"

இறங்க முயன்றார். முடியவில்லை. விரல்கள் பிடியோடு விறைத்துப்போயிருந்தன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். எடுத்த பிறகும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் நான் விடவில்லை.