மூன்றாவது பெயர்

பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய், குன்னூரில் அந்த ஃபேக்டரி வாரத்துக்கு மூன்றே நாள் ஓடத் தொடங்கியதும், அங்கே கிளார்க்காக இருந்த டக்ளஸ் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டார். ஊரே கையைப் பிசைந்த நேரத்தில் அவர் ஒருவர்தான் குஷியாக இருந்தார்.

முன்னறையிலிருந்த பழைய கம்ப்யூட்டர்தான் சர்வர். மனைவி தபித்தாள் அதற்கொரு குரோஷா துணி போட்டிருந்தாள். ஒரே புரோகிராம், இரண்டு வெப்சைட் பெயர்கள். சர்ச் பெயரில் வருகிறவருக்கு ஆராதனை நேரம் தெரியும். தூண்டில் கிளப் பெயரில் வருகிறவருக்கு, ஞாயிறன்று எந்த ஏரியில் மீன்பிடிப்பு என்று தெரியும். ஆராதனைக்கு டிமிக்கி கொடுக்கும் ஐந்து பேரும் அதைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். போனில் பேசினால் மனைவிமார் காதில் விழுமே.

இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை யாரிடமும் சொல்லாமல் எப்படி இருப்பது? ஒருநாள் தபித்தாளே கேட்டாள்.

"ஏனுங்க, எந்தப் பேர்ல வர்றாங்கன்னு இந்தப் பொட்டிக்கு எப்படிங்க தெரியும்?"

"வரும்போதே பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் வரும், தபி. வாசல்ல நின்னு 'கிளார்க்கு'ன்னா ஃபேக்டரி ஆளு, 'டக்ளஸண்ணே'ன்னா சர்ச் ஆளு. அந்த மாதிரி. எந்தப் பேருன்னு பாத்து அதுக்குத் தக்க பக்கத்தைக் காட்டறேன்."

புரோகிராமையே திறந்து காட்டினார். கிளப் பெயர் இருந்த வரியை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"நீங்க பாக்கறப்பங்க?"

"நான் இந்த மெஷின்லயேதான பாக்கறேன். அப்ப இதுக்குப் பேரு லோக்கல்ஹோஸ்ட். அதுல வந்தா எல்லாப் பக்கமும் தெரியும்."

அப்படியானால் மூன்று பெயர் என்று சொல்லிவிட்டு, தபித்தாள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருட்களின் ஏலத்துக்குப் பந்தல் போட, மேஜை தூக்க ஆளில்லை என்று அவள் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டக்ளஸுக்கு அன்றைக்கென்று பார்த்து ஃபேக்டரியில் அவசர வேலை வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை கம்ப்யூட்டரில் பார்த்தார். 'நாளை காலை ஆறு மணி, எமரால்டு ஏரி' என்று அவர் எழுதியது எழுதியபடியே இருந்தது.

ஏரியில் மூடுபனி இருந்தது, அவர் இருந்தார். வேறு யாரும் வரவில்லை. எட்டு மணிக்குப் பொறுமையிழந்து, பல் தந்தியடிக்க ஸ்கூட்டரில் திரும்பினார். சர்ச்சைக் கடக்கும்போது பார்த்தால், தூண்டில் கிளப் மொத்தமும் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தது.

கிளப் ஆள் பிராங்ளின் கடப்பாரையோடு வந்து மறித்தார். "ஏனுங்க டக்ளஸ், 'நாளைக்கு ஏரி இல்லை, எல்லாரும் சர்ச்சுக்கு வாங்க, வராதவங்க ஊட்டுக்கு நானே போன் போடுவேன்'னு மெரட்டிப்போட்டு, நீங்க எங்கீங்க போனீங்க?"

டக்ளஸ் ஸ்கூட்டரை நிறுத்தினார். தட்டில் டீயோடு வந்த தபித்தாளைப் பார்த்தார்.

"நான் பாத்தப்ப ஏரின்னுதானே இருந்துச்சு?"

"கிளப் பேர்ல வர்றவங்களுக்கு மாத்திப்போட்டு, லோக்கல்ஹோஸ்ட்ல வர்றவருக்கு மட்டும் பழசே இருக்கட்டும்னு உட்டுட்டனுங்க."

"அத்தனை வரியில அந்த ஒரு வரியை எப்படிக் கண்டுபுடிச்சே?"

"நீங்க கட்டைவிரல் வெச்சுக் காட்டினீங்களே, அங்கதானுங்க பாத்தேன்."