பதிமூன்றாவது ரீல்

பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பவன்தான் மனிதகுலத்தின் சிகரம்; புதுப்படம் பார்ப்பவனெல்லாம் வெறும் வழிப்போக்கன். இந்த மாபெரும் தத்துவத்தை உலகுக்கு அளித்தவர் ஒரு சின்ன ஊரின் ரசிகர் மன்றத் தலைவர். ஒரே "குடும்பக் காவியத்தை" ஒரே தியேட்டரில் அறுபத்தொரு முறை பார்த்தவர். அதில் முதல் இருபது முறை பெஞ்சு டிக்கெட்டில், மூட்டைப்பூச்சிகளுக்கு ரத்ததானம் செய்தபடி.

காவியத்தின் உச்சம் இது: கதாநாயகன் மனைவியைச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டுத் துரத்துகிறான். அவள் அழுதுகொண்டே போகிறாள். அடுத்த காட்சியில் சிரித்த முகமாய் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒன்றுமே கிடையாது.

"அதான்யா டைரக்‌ஷன்! ஒரு வார்த்த பேச விட்டானா பாத்தீங்களா?" என்று விளக்கும்போதே தலைவருக்குக் கண் கலங்கிவிடும்.

அந்த ஊர் ஆண்கள் முப்பது வருஷமாக இதையே இல்லறத்துக்கு இலக்கணமாகக் கொண்டார்கள். கோபித்துக்கொண்டு போனவளைக் கூப்பிடப் போகக் கூடாது. அடுத்த காட்சியில் தானாக வந்துவிடுவாள்.

தலைவர் வீட்டில் மட்டும் அடுத்த காட்சி இருபது நாளாக வரவில்லை. பீரோ சாவியைக் காணோமென்று, விருந்தாளிகள் முன்னால் "உன் தம்பிக்குத்தான குடுத்த?" என்று மனைவியைக் கேட்டுவிட்டார். அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் சாவி அவருடைய பேன்ட் பையிலேயே கிடந்தது. அவள் இல்லாத வீடு அவருக்கு உண்மையிலேயே தாங்கவில்லை. டிவியைச் சத்தமாகப் போட்டு வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். ஆனாலும் கொள்கை கொள்கைதான்.

இந்த நேரம் பார்த்துக் காவியம் புதுப் பிரின்டாக "மறு வெளியீடு" கண்டது. மன்றத்தின் அவசரக் கூட்டம் கூடி, உறுப்பினர்கள் ஞாயிறு பகல் காட்சிக்கு மனைவியோடு வர வேண்டுமென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தலைவரும் அக்கா வீட்டுக்கு ஒரு டிக்கெட் அனுப்பினார். படத்தைப் பார்த்தால் அவளுக்குப் புத்தி வரும் என்பது மன்றத்தின் "ஆய்வு முடிவு".

அவள் வந்தாள். அவர் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்தாள்.

துரத்தும் காட்சி வந்ததும் விசில் பறந்தது. அடுத்த காட்சிக்குக் கைதட்டத் தலைவர் கையைத் தூக்கினார். இஸ்திரிப் பெட்டி வரவில்லை. கதாநாயகன் கொட்டுகிற மழையில் மாமனார் வீட்டு வாசலில் நின்றான். "தப்பு என்மேலதான், என்னை மன்னிச்சிடு" என்றான். மறுபடியும் சொன்னான். பதினோரு நிமிஷம் சொன்னான். தியேட்டரிலிருந்த பெண்களெல்லாம் மெதுவாகத் தங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்கள்.

"நிறுத்துங்கய்யா! இது டூப்ளிகேட்டு! புதுசா எடுத்துச் சேத்திருக்கானுங்க!" என்று செயலாளர் கத்தினார். படம் நின்றது, விளக்கு எரிந்தது. கடைசி வரிசையிலிருந்து அந்தத் தியேட்டரின் பழைய ஆபரேட்டர் எழுந்தார்.

"டூப்ளிகேட் இல்லப்பா. இது பதிமூணாவது ரீலு, புதுப் பிரின்ட்டுல அதுவும் சேந்து வந்துருச்சு. அப்பல்லாம் படம் முழுசா ஓடுனா ஜனங்க கடைசி பஸ்ஸ விட்டுருவாங்க. ஒரு ரீல எடுத்துடுன்னாரு முதலாளி. பாட்டுலயோ சண்டையிலயோ கை வச்சா ஸ்கிரீனக் கிழிச்சிருப்பீங்க. இத எடுத்தேன். முப்பது வருஷத்துல ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல."

மன்றம் இடிந்துபோனது. எனினும் கடமை தவறாத தலைவர் நின்ற இடத்திலேயே தீர்மானம் முன்மொழிந்தார்: ஊர் ஆண்களின் வாழ்க்கையைச் சீரழித்த ஆபரேட்டர் பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"மன்னிச்சுக்கோங்கப்பா, தப்புதான்" என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் திகைத்தார்கள். மன்னிப்புக் கேட்ட மனிதர் மயங்கி விழவில்லை. கூரையும் இடியவில்லை.

தலைவரின் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி காத்திருந்தாள். அவருக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"அதான் அவர் கேட்டுட்டாரே," என்றார். "வா, வீட்டுக்குப் போலாம்."

"அவர் கேட்டதுக்கு அவர் பொண்டாட்டி வருவா. நான் எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து நடந்தாள்.

மன்னிப்புக்கே பதிலாள் கண்ட அந்தப் பெருமகனாரை மன்றம் அங்கேயே ஆயுட்காலத் தலைவராக அறிவித்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்க வேண்டிய பெண்கள் எல்லாரும் அவளோடு எழுந்து போயிருந்தார்கள்.