தலை கழுவும் ரகசியம்

மனித குலம் இதுவரை எழுதிய ஒப்பந்தங்களிலேயே அன்பு மிகுந்தது ‘போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தம்’தான். கல்யாணப் பதிவுக்குக்கூட அந்த ஆழம் கிடையாது. விவாகரத்து ஆகிவிட்டால் போனவர் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்; சட்டம் கண்டுகொள்ளாது. முதலாளியோ, வேலையை விட்டுப் போன பிறகும் இரண்டு வருஷம் ‘நீ எனக்கு மட்டும்தான்’ என்கிறார். காதல் என்றால் இதுவல்லவா காதல்!

அந்தக் காதலுக்கு ஆளானவள் நுரை அக்கா. கடைத்தெருவின் பெரிய அழகு நிலையத்தில் தலை கழுவிவிடுகிற வேலை அவளுக்கு. கத்தரிக்கோலைத் தொட உரிமை இல்லை. வந்தவர் சாய்வு நாற்காலியில் படுத்துத் தொட்டியில் கழுத்தை வைத்ததும், தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பாள். “சூடு சரியா இருக்குங்களா?” என்று கேட்பாள். ஷாம்பு போட்டு அலசித் துண்டைச் சுற்றி அனுப்பிவிடுவாள். முழங்கை வரை எப்போதும் நுரை. பெயர் வந்தது அப்படித்தான்.

தெருவுக்கு எதிரே இன்னொரு அழகு நிலையம் நடத்தும் எதிர்க்கடை அம்மா ஒருநாள் அவளை வேலைக்குக் கூப்பிட்டார். அங்கே சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வேலை முடிந்துவிடும். இங்கே கடை அடைக்கும்வரை நின்றாக வேண்டும். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் அதுவரை வீட்டு மாடிப்படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் அப்படியே தூங்கியும் போவாள். எதிர்க்கடை வேலை கிடைத்தே தீரவேண்டும் என்று இருந்தாள் நுரை அக்கா.

மறுநாளே முதலாளியிடம் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு வக்கீலுக்குப் போன் போட்டு, ‘புரிதல் கூட்டம்’ ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். கையெழுத்து வாங்கும்போது படிக்கவிடாத ஒப்பந்தத்தை, வேலையை விடும்போது பொறுமையாக விளக்கிச் சொல்வது அந்த நிறுவனத்தின் உயர்ந்த மரபு.

“இங்க கத்துக்கிட்ட தொழில் ரகசியத்தை ரெண்டு வருஷத்துக்கு, அஞ்சு கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துல நீங்க பயன்படுத்தக் கூடாதும்மா,” என்றார் வக்கீல்.

“என்ன ரகசியம் சார்?”

வக்கீல் முதலாளியைப் பார்த்தார். முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“‘சூடு சரியா இருக்குங்களா?’” என்றார், குரலைத் தாழ்த்தி. “அதான்.”

“அட, அதை யாருதான் சார் கேக்கல? இங்க வர்றதுக்கு முன்னாடியே நான் கேட்டுக்கிட்டுதான இருந்தேன்!”

“அப்ப அது வெறும் கேள்விம்மா,” என்றார் வக்கீல். “நம்ம தொட்டி பக்கத்துல நின்னு கேட்டதும் ‘அறிவுசார் சொத்து’ ஆயிடுச்சு.”

“சரி, அங்க போய்க் கேக்காமலே கழுவறேன்.”

“கேட்டா ரகசியத் திருட்டு. கேக்காம வெந்நீரை ஊத்தினா காயம். ரெண்டுமே வழக்குதான்.”

நுரை அக்காவுக்கு ஒரு சந்தேகம். “வீட்ல என் பொண்ணுக்குத் தலைக்கு ஊத்துறேனே, அது?”

வக்கீல் தாடையைத் தடவினார். “பிற்காலத்துல அந்தப் பொண்ணு நம்ம வாடிக்கையாளரா வர வாய்ப்பு இருக்கா?”

“ஏழு வயசுங்க அதுக்கு!”

“அய்யய்யோ, அப்ப பிற்காலம் நெறைய பாக்கி இருக்கே,” என்று மெய்யாகவே கவலைப்பட்டார் வக்கீல். ஆனால் முதலாளி பெருந்தன்மைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில், ஒன்றும் கேட்காமல், மகளுக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளலாம் என்று அங்கேயே அனுமதி கொடுத்தார்.

நுரை அக்கா விடவில்லை. நேரே தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனாள்.

“மன்னிச்சுக்கோங்கக்கா,” என்றார் எதிர்க்கடை அம்மா. “என் கடைல வேலை பாக்குற பொண்ணுங்ககிட்டயும் இதே பேப்பர்லதான் கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன். அவர் பேப்பரை நான் மதிக்கலேன்னா, என் பேப்பரை அவர் மதிப்பாரா? வக்கீலும் ஒரே ஆளுதான்.”

“நீங்க ரெண்டு பேரும் போட்டிக்கடை இல்லீங்களா?”

“சேச்சே! எங்களுக்குள்ள என்ன போட்டி? உங்களை மாதிரி ஆளுங்க எடம் மாறுனாத்தான் போட்டியே வருது.”

அஞ்சு கிலோமீட்டருக்கு அப்பால் கடைகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அங்கிருந்து பஸ் பிடித்து வீடு வந்தால் இப்போது வருவதைவிட நேரமாகும். நுரை அக்கா ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு பழைய தொட்டிக்கே திரும்பினாள். முதலாளி பழசையெல்லாம் மறந்து சேர்த்துக்கொண்டார். அவர் மனசு யாருக்கு வரும்!

இத்தனை பாசம் உலகத்துக்குத் தெரியாமல் போகுமா? அந்த ஆண்டு வணிகர் சங்கம் ‘ஒருவரும் விலகாத நிறுவனம்’ என்ற விருதை அவருக்கே அளித்தது. விழாவுக்கு ஊழியர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு. கடை அடைத்த கையோடு எல்லோரும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலாளி கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பேசினார்.

“நான் ஒண்ணும் செய்யலைங்க. அவங்களுக்குத்தான் என்னை விட்டுப் போக மனசு வரல. நம்பலேன்னா எங்க நுரை அக்காவையே கேளுங்க!”

மைக் நுரை அக்காவின் கைக்கு வந்தது. முன்வரிசையில் இருந்த வக்கீல் ஜாடை காட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

“எம் புள்ள இந்நேரம் படியில உக்காந்திருக்கும், அதனால சுருக்கமா சொல்லிட்டுப் போறேன்,” என்றாள். “ஜெயில்லயும்தாங்க ஒருத்தரும் வெலகிப் போகல. அவங்களுக்கும் இதே மாதிரி ஒரு கேடயம் குடுத்துருங்க.”