நாற்காலிக்காக ஓடியவன்

ஒரு சாய்வு நாற்காலியைக் காப்பாற்ற ஓட்டப்பந்தயத்தில் இறங்கியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாற்காலி முன்னறை ஜன்னலோரம் கிடக்கிறது. அலுவலகத்தில் தபால் பிரிவில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து களைத்து வருகிறவன், வீட்டில் வந்து உட்கார ஓர் இடம் வேண்டாமா? என் மனைவி தையல் வேலை செய்கிறாள். அவளுக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் வேண்டுமாம். உள்ளறை இருட்டில் கறுப்பு நூல் கோத்துக் கோத்துக் கண்ணே போய்விட்டதாம்.

"இதைப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடலாங்க."

"அது என் உசிரு."

"உசிருன்னா கொஞ்சமாச்சும் அசையணும். இதுல ஏறினா நீங்க அசையறதே இல்லை."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அசைய மாட்டேனா? அடுத்த மாசம் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் நடக்குது. அதுல முழுசா ஓடிக் காட்டறேன். முடிச்சா நாற்காலி இருந்த இடத்துலயே இருக்கும். நீ வாயே திறக்கக்கூடாது!"

"முடிக்கலைன்னா?"

"உன் மிஷினை நானே தூக்கிட்டு வந்து ஜன்னல்கிட்ட போடறேன்."

"சரிங்க."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரே தடவையில் 'சரிங்க' என்ற எந்த விஷயமும் எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் புது ஷூ மாட்டிக்கொண்டு தெருமுனை மின்கம்பம் வரை ஓடினேன். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். குரைக்க வந்த தெருநாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டது.

புதிதாக ஓடுகிறவர்களுக்கென்று செல்போனில் ஓர் அட்டவணை கிடைத்தது. ஒரு நிமிடம் ஓட வேண்டும், இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். முதல் வாரம் நடையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் பூங்காவில் நிழலான ஒரு பெஞ்சு கண்ணில் பட்டது. அதற்கப்புறம் அட்டவணை தேவைப்படவில்லை. ஒரு மணி நேரம் நல்ல தூக்கம். கிளம்பும்போது குழாயடியில் பனியனை நனைத்துக்கொள்வேன்.

"இவ்வளவு வேர்வையாங்க!"

"நாலு கிலோமீட்டர்னா சும்மாவா?"

"வாடையே அடிக்கலையே?"

"சுத்தமான உடம்பு."

"முதுகுல என்ன வரிவரியா அச்சு?"

"தசை பிரியுது."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். பாவம், நம்பிவிட்டாளே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தக்கூடச் செய்தது.

பந்தய நாளன்று அவள் எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். தங்கச்சி வீட்டுக்குத் தைத்த துணி கொடுக்கப் போகிறாளாம். "நல்லா ஓடுங்க" என்று வாழ்த்திவிட்டு வேறு போனாள்.

பாதை சுலபம். நேரே போய்த் தண்ணீர்த் தொட்டியடியில் திரும்பி, அதே சாலையில் வரவேண்டும். கேட்டதுமே என் புத்தி வேலை செய்தது. நடுவில் ஒருவன் ஒதுங்கிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நானூறு அடி ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், அதில் சந்தேகம் வேண்டாம். பிறகு நிறுத்தியிருந்த லாரி ஒன்றின் பின்னால் ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் கட்டினேன். போனவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வர ஆரம்பித்ததும் மூச்சிரைத்துக்கொண்டே கூட்டத்தில் கலந்தேன்.

முடிவுக் கோட்டில் பதக்கம் கொடுக்கிற பெண் என் கழுத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள்.

"ரிப்பன் எங்க சார்? தொட்டிகிட்ட திரும்பறவங்க எல்லாருக்கும் நீல ரிப்பன் கட்டிவிடறாங்களே. அது இருந்தாத்தான் பதக்கம்."

அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு நிஜமாக வேர்த்தது. ஏதோ உளறிவிட்டு ஒதுங்கினேன். எங்கள் மாடி வீட்டுப் பல் டாக்டர் பதக்கமும் கழுத்துமாக நின்றிருந்தார்.

"டாக்டர், உங்க ரிப்பனைக் கொஞ்சம் கொடுங்களேன். பதக்கம்தான் வாங்கிட்டீங்களே."

"ஏன், உங்களுக்குக் கட்டிவிடலையா?"

"கூட்டத்துல விட்டுப்போச்சு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"தாராளமா வச்சுக்குங்க சார். வீட்டுலயும் மறக்காம காட்டுங்க."

பல் டாக்டர் சிரிப்பது தொழில் விளம்பரம் என்று எடுத்துக்கொண்டேன்.

ரிப்பனைக் கையில் கட்டி, வேறொரு வரிசையில் போய்ப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்த சுகத்தைச் சொல்லி முடியாது. பத்து மணிக்கு மனைவி வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. தங்கச்சி நன்றாக வேலை வாங்கியிருக்கிறாள் போலும்.

"முடிச்சிட்டீங்களா?"

"பார்த்தா தெரியலை?"

"தொட்டி வரைக்கும் போனீங்களா?"

"போகாம? ரிப்பனைப் பாரு!"

"அட! யாரு கட்டிவிட்டாங்க?"

'யாரோ ஒருத்தர்' என்று இங்கே நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லத் தெரிந்தவன் நிறுத்தியிருப்பான். எனக்குக் காலில் வராத வேகமெல்லாம் நாக்கில் வந்துவிட்டது.

"ஒரு பெரியவர். ராணுவத்துல இருந்து ரிட்டயரானவர் மாதிரி இருந்தாரு. ஆறடி உயரம். முறுக்கு மீசை. 'இத்தனை பேருக்குக் கட்டினேன், உங்களை மாதிரி மூச்சு இளைக்காம வந்தவங்க ஒருத்தருமில்லை'ன்னு சொல்லி என் கையைப் பிடிச்சுக் கண் கலங்கிட்டாரு!"

"மீசை ரொம்பப் பெருசோ?"

"காது வரைக்கும்!"

அவள் கைப்பையைத் திறந்தாள். மிச்சமிருந்த நீல ரிப்பன் கட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ஆள் பத்தலைன்னு கூப்பிட்டாங்கன்னு காலையிலேர்ந்து தொட்டிகிட்ட நின்னு கட்டிவிட்டது நான் ஒருத்திதாங்க. மிஷினை அப்புறம் தூக்கலாம், மொதல்ல இதைச் சொல்லுங்க: எனக்கு எப்பங்க அவ்வளவு பெரிய மீசை முளைச்சுது?"