உடைந்துகொண்டே இருந்த சூட்டுக்கல்

மூன்றாவது கல்லும் உடைந்துவிட்டது.

“பூனை தட்டி விட்டுதாக்கும்,” என்றாள் கிருபாபாய், துண்டுகளை முறத்தில் பொறுக்கிக்கொண்டே.

ஜெயதாஸ் துண்டுகளைத் தடவிப் பார்த்தார். திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் உதவியாளர். உப்பையும் பீங்கான் மண்ணையும் சேர்த்துச் சுட்டு, சூட்டைச் சேமித்து வைக்கும் கற்களை அங்கே செய்து பார்த்தார்கள். அடுப்பில் வைத்தால் உள்ளே உப்பு உருகும். மண் அதைச் சிந்தாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு உப்பு இறுக இறுகச் சூடு மெல்ல வெளியே வரும். சோதனை முடிந்து ஒதுக்கிய கற்களைக் கேட்டு வாங்கி, பாசஞ்சர் ரயிலில் தன் வீடு இருக்கும் கொல்லயிலுக்குக் கொண்டுவந்தார். தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆடி மழை. மனைவி கிருபாபாய்க்குக் கால் குளிர்கிறதாம்.

“போட்டும், விடுங்க.”

“விடவா? இது உடைஞ்சா நட்டமே இல்ல எடி. இடிச்சு வெந்நீல போட்டா உப்பு கரையும், மண்ணு அடியில நிக்கும். ரெண்டையும் பிரிச்செடுத்து, பின்னையும் சேத்துச் சுட்டா புதுக்கல்லு!”

கிருபாபாய் பெருமூச்சு விட்டாள்.

கரைப்பதற்கு மீன்சட்டி போயிற்று. உப்புநீரை வற்றவைக்க அடுப்பும் போனதால் கஞ்சி ஆக நேரமாயிற்று. முறத்தில் காய்ந்த உப்பை ஆடு நக்கிவிட்டு, அன்று முழுக்கத் தொழுவத்தை நாறடித்தது. ஆட்டுக்கு எட்டாமல் கூரைமேல் வைத்தார். பாதியை மழை கரைத்துக்கொண்டு போயிற்று. மிச்சத்தைச் சிரட்டைக் கரியில் சுட்டார். புகை பக்கத்து வீட்டு உபதேசியாரின் வெள்ளைச் சட்டையில் படிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் சாம்பல் நிறத்தில் ஜெபம் சொன்னார்.

சாயங்காலமெல்லாம் ஜெயதாஸ் முற்றத்தில்தான். கிருபாபாய் கால்களைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தாள்.

“இஞ்ச வந்து இருங்களேன்.”

“இப்ப வாறேன். கல்லு வேகுது.”

புதுக்கல்லுக்குப் பனச்சமூட்டுக் கொல்லன் பட்டறையில் இரும்புப் பெட்டியே செய்து வாங்கினார்.

“இனி யானை மிதிச்சாலும் உடையாது!”

சுடவைத்து, சாக்கில் சுற்றி, அவள் பாதங்களுக்கு அடியில் அவரே வைத்தார். இதமான சூடு. ஆனால் அவள் முகம் வாடிப்போயிற்று.

“சூடு போதாதா கிருபா?”

“போதும்,” என்றாள். கண் நிறைந்தது. ஜெயதாசுக்கு ஒன்றும் விளங்கவில்லை; சாக்கு இன்னொன்று எடுக்கக் கதவுக்குப் பின்னால் போனார்.

அப்போது அவள் தங்கை தங்கபாய் அம்மிக்குழவியோடு அடுக்களை வழியாக உள்ளே வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றவரை அவள் பார்க்கவில்லை.

“அக்கா, மூணு கல்லையும் நீ சொன்னதுக்கு உடைச்சுத் தந்தேன், இரும்புப் பெட்டி என்னால முடியாது. அத்தான் முன்னப்போல உன் காலை மடியில வச்சுத் தேச்சு விடணும்னா, அதை நீயே வாயத் திறந்து கேளு!”