தீவுக்கு அவசர வழி எந்தப் பக்கம்?

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். வீடு அந்த அளவுக்குச் சுகமில்லை. கீழ்வீட்டுப் பல் டாக்டரும் சுகமாகத்தான் இருக்கிறார் என்று கேள்வி. நேரில் விசாரிக்க முடியவில்லை, என்னைக் கண்டால் ஷட்டரை இறக்கிவிடுகிறார். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள். சென்ற முறை வந்தபோது உங்கள் சமையலறை கேஸ் குழாயை மாற்றச் சொன்னேன். மாற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் நான் போனை எடுத்தாலே உங்கள் அத்தை டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போடவும். எரிக்க வேண்டாம், கிழித்தால் போதும்.

நான் பணி ஓய்வு பெற்றதற்காக நீங்களும் மகளும் சேர்ந்து எங்கள் இருவரையும் தீவுகளுக்கு அனுப்பி வைப்பது மிகப் பெரிய மனது. அதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பயணத்தை நீங்களாகவே கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். உங்கள் ஆபீசில் ஏதோ சிக்கல் என்றோ, விமானத்தில் ஏதோ கோளாறு என்றோ உங்கள் அத்தையிடம் சொல்லிக்கொள்ளலாம். என் பெயர் மட்டும் அடிபடக் கூடாது. ஏனென்றால் டிக்கெட் வந்த அன்றே அவள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் எதையாவது கிளப்பி நிறுத்தினீங்கன்னா, நான் தனியாவே போயிடுவேன். போய்ட்டுத் திரும்பி வருவேனான்னு அங்க போய்தான் யோசிப்பேன்." உங்கள் அத்தை சும்மா மிரட்டுகிறவள் அல்ல. முன்பொரு முறை மலைக்குப் போனோம். ஹோட்டலின் அவசரக் கதவில் பூட்டுத் தொங்கியதைப் பார்த்து, பெட்டியைக்கூட இறக்காமல் நான் அவளைத் திருப்பி அழைத்து வந்துவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் நன்றி சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தள்ளிப் போடுவதற்கான காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். நான் பெயிண்ட் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே எனக்கு 'விசில் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள், அதுவும் உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தன்று என் சிப்பந்திகளே வந்து உங்களிடம் சொல்லிவிட்டார்கள். என் பணிக்காலம் முழுவதும் அங்கே ஒரு விபத்தும் நடந்ததில்லை. காரணம் ஒத்திகை. மூன்று நீண்ட விசில் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. நான் வந்து தலையெண்ணும் வரை யாரும் உள்ளே திரும்பக் கூடாது. எழுதிக்கொண்டிருந்தால் வாக்கியத்தை முடிக்கக்கூடக் கூடாது. ஒரு கணக்கர் முடித்துவிட்டு வந்தார். அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "நெருப்பு முற்றுப்புள்ளிக்காகக் காத்திருக்காது" என்று சொன்னேன். அன்றிலிருந்து அவருடைய கடிதங்கள் பலவும் பாதியில்தான் நிற்கும்.

இதே விதி நம் வீட்டிலும் உண்டு. மகளைக் கேட்டால் சொல்லுவாள். இங்கே கூடுமிடம் எதிர்ச்சாரி மின்கம்பம்.

அப்படி வாழ்ந்தவனிடம் டிக்கெட்டோடு விடுதியின் வண்ண விளம்பரப் புத்தகத்தைக் கொடுத்து, 'கவலைகளை மறந்து இளைப்பாறுங்கள்' என்றால் நான் என்ன செய்வது? முதலில் அந்தத் தீவு விடுதிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். அவசர வழி எந்தப் பக்கம் என்று கேட்டேன். "சார், இது தீவு சார். சுத்தியும் கடல்தான்" என்றாள். அப்படியானால் அவசர வழியே கிடையாதா என்றேன். "எல்லாப் பக்கமும் வழிதான் சார்" என்றாள். இது ஒரு பதிலா, நீங்களே சொல்லுங்கள். சரி, ஆபத்து என்றால் எல்லாரும் கூடுமிடம் எது என்று கேட்டேன். "ஆபத்து இல்லன்னாலும் சாயங்காலம் எல்லாரும் பார்லதான் சார் கூடுவாங்க" என்றாள். படத்தில் குடிசைகளின் மேல் தென்னை சாய்ந்திருக்கிறதே, காய் விழுந்தால் என்று தொடங்கினேன். அவள் லைனை வேறொருவருக்கு மாற்றினாள், அவர் இசைக்கு மாற்றினார், இசை நெடுநேரம் ஓடியது.

ஆகவே ஒத்திகை பார்ப்பதென்று முடிவு செய்தேன். தீவில் செய்யப் போவது ஓய்வு. எனவே ஓய்வை ஒத்திகை பார்க்க வேண்டும். உங்கள் அத்தையிடம் சொன்னேன். "சும்மா இருக்கத்தானேங்க போறோம். சும்மா இருக்கறதுக்கு எதுக்கு ஒத்திகை?" என்றாள். சும்மா இருக்கும்போதுதான் எல்லா விபத்தும் நடக்கிறது என்று விளக்கினேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

புத்தகத்தின் அட்டையில் ஓர் ஆள் வலை ஊஞ்சலில் படுத்திருக்கிறான். அதே போன்ற வலையை வாங்கி வந்து, மொட்டை மாடியில் ஒரு முனையைத் துணி காயப்போடும் இரும்புத் தூணிலும் மறு முனையைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயிலும் கட்டினேன். குழாய் தாங்குமா என்று பார்க்க முதலில் இரண்டு மணல் மூட்டைகளைப் போட்டுப் பார்த்தேன், தாங்கியது. மணல் மூட்டை புரண்டு படுக்காது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. முழு ஒத்திகை என்றால் முழு உடுப்போடு செய்ய வேண்டும், அதனால் தேங்காய்க்காக ஹெல்மெட்டும், கடலுக்காக லைஃப் ஜாக்கெட்டும், கழுத்தில் விசிலும் போட்டுக்கொண்டு ஏறிப் படுத்தேன். கொஞ்ச நேரம் ஓய்வு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓய்வு சரியாக எடுக்கிறேனா என்று பார்ப்பதற்காக அந்த அட்டைப் படத்தை எடுக்கப் புரண்டேன். ஊஞ்சல் என்னோடு சேர்ந்து புரண்டது. நான் வலைக்குள் முகம் கீழே தொங்க மாட்டிக்கொண்டேன், நிமிர்வதற்காக உதைத்தேன், குழாய் வளைவு மூட்டில் விட்டுக்கொண்டது, தொட்டித் தண்ணீர் முழுக்க என் முதுகில் இறங்கியது. அந்த லைஃப் ஜாக்கெட் தண்ணீர் பட்டதும் தானாகவே ஊதிக்கொள்ளும் வகை. நல்ல தயாரிப்பு, சொன்னபடி ஊதிக்கொண்டது. ஏற்கனவே இறுக்கமாக இருந்த வலைக்குள் நான் இன்னும் ஒரு ஆள் அகலம் ஆனேன். கை அசைக்க முடியவில்லை. வாய்க்குப் பக்கத்தில் இருந்தது விசில் மட்டும்தான். பழக்க தோஷத்தில் மூன்று நீண்ட விசில் ஊதிவிட்டேன்.

இதற்கு மேல் நடந்ததைப் பிறகு எனக்குச் சொன்னார்கள். உங்கள் அத்தை விசில் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, விதிப்படி ஒன்றும் கேட்காமல் வெளியே போய் மின்கம்பத்தடியில் நின்றிருக்கிறாள். பல் டாக்டரும் நம் வீட்டில் குடியேறிய நாளிலிருந்து ஒத்திகைகளுக்குப் பழகியவர், நோயாளிகளோடு வெளியே வந்துவிட்டார். ஒருவருக்குப் பாதி பிடுங்கிய பல் ஆடிக்கொண்டிருந்ததாம், வாயைத் திறந்தபடியே வந்து வரிசையில் நின்றிருக்கிறார். நான் மேலிருந்து ஊதிக்கொண்டே இருந்தேன். ஊத ஊத அவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள். அது முழுக்க என் பயிற்சி. டாக்டர், "மாடியில என்னமோ ஆயிருக்கும் போலிருக்கே, ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். உங்கள் அத்தை, "அவர் வந்து தலையெண்ணாம யாரும் உள்ள போகக்கூடாதுங்க டாக்டர். அதான் விதி" என்று சொல்லி அவரைத் தடுத்துவிட்டாள். பிறகு கிளினிக் நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டாளாம்.

படிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி கிளினிக்குக்குள் போவதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் விதியை மீறினார். மேலே வந்து, பல் பிடுங்கும் கருவிகளில் ஒன்றால் வலையை வெட்டினார். வெட்டுமுன் ஜாக்கெட்டைக் குத்தவேண்டியிருந்தது, அதை அவர் தேவைக்கு மேல் ஆசையோடு செய்ததாக எனக்குப் பட்டது. விழுந்ததில் என் கணுக்கால் பிசகிவிட்டது. நன்றி சொன்னேன். அவருடைய சுழல் நாற்காலி தண்ணீரில் நின்றதிலிருந்து தானாகவே மேலே ஏறி இறங்குகிறதாம். நோயாளிகள் அஞ்சுகிறார்கள்.

நான் நொண்டிக்கொண்டே இறங்கி வந்து தலையெண்ணினேன். எல்லாரும் இருந்தார்கள். உங்கள் அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேனே. வேலைன்னு யாரும் கூப்பிடாம, வெளியில இப்படி உக்காந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்றாள். நான் மின்கம்பத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு மின்கம்பத்தில் கை வைக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து எடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை, ஒத்திகை தோற்றால் நிகழ்ச்சியைத் தள்ளிப் போடுவது எந்தத் தொழிற்சாலையிலும் உள்ள நடைமுறை. இதில் என் சொந்த விருப்பு வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உங்களிடம் மறைப்பானேன். உங்கள் அத்தைக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. சுவர் என்றால் கதவு வைக்கலாம், நெருப்பு என்றால் மணல் வாளி வைக்கலாம். கடலுக்கு என்ன வைப்பது? அவள் தண்ணீரில் கால் வைத்து ஏதாவது ஆகிவிட்டால், கரையில் நின்று விசில் ஊதுவதைத் தவிர எனக்கு ஒன்றும் வராது. ஊதினால் என்ன ஆகும் என்பதை இந்த வாரம்தான் பார்த்தேன். எல்லாரும் தள்ளிப் போய் நிற்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். வேலையில் இருந்தபோது இதை அறிக்கையில் 'இடர் மதிப்பீடு' என்று எழுதுவேன்.

ஆகவே அடுத்த மாதமோ, அதற்கடுத்த ஆண்டோ உங்கள் வசதிப்படி மாற்றிக் கொடுக்கவும். குழாய் மாற்றப்பட்டது. பிளம்பர் மாடியில் மிச்ச வலையைப் பார்த்து, "மீன் ஏதாவது மாட்டுச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மகளுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் எங்கள் மனமார்ந்த ஆசிகள். நீடூழி வாழ்க, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து நடக்க.

இப்படிக்கு,
உங்கள் நலத்தையும் பாதுகாப்பையும் நாடும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை வந்து நின்றாள். கையில் பெட்டி.

"மாப்பிள்ளைக்குத்தானே எழுதறீங்க?" என்றாள்.

மின்வாரியத்துக்கு என்றேன்.

"மின்வாரியத்துக்கு யாருங்க அன்பும் மதிப்பும்னு எழுதுவாங்க? நான் நேத்தே மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டேன். நீங்க தள்ளிப்போடச் சொல்லுவீங்கன்னு தெரியும். அதான் டிக்கெட்டை முன்னாடியே மாத்தித் தரச் சொன்னேன். இன்னைக்குச் சாயங்காலம் கிளம்பணும்."

நேற்று போனில் நீங்கள், "கால் எப்படி மாமா இருக்கு, நடக்க முடியுதா, படி இறங்க முடியுதா?" என்று அத்தனை அக்கறையாக விசாரித்ததன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. உங்களை நான் அப்பாவி என்று நினைத்திருந்தேன். மகிழ்ச்சி.

அத்தை இன்னொன்றும் சொன்னாள். "நான் ஒண்ணும் கடலுக்குள்ள இறங்கப் போறதில்ல. கரையில உக்காந்து பாக்கப் போறேன். பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருந்தா நல்லாத்தான் இருக்கும். அந்த ஆளு தலையெண்ணிக்கிட்டே இருக்கக் கூடாது. வர்றதும் வராததும் உங்க இஷ்டம், கீழ டாக்ஸி வந்துடும்." சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த என் விசிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எதற்கு எடுத்தாள் என்று தெரியவில்லை.

இதில் எனக்குள்ள ஆட்சேபணைகளை இங்கே பதிவு செய்துவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கேட்கக் கூடாது. முதலாவது, கணுக்கால் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. இரண்டாவது, ஹெல்மெட்டைப் பெட்டியில் வைக்க அவள் இடம் விடவில்லை. மூன்றாவது

கீழே விசில் சத்தம். நீளமாக ஒன்று. இத்தனை வருஷம் ஊதியவன் நான், இன்னொருவர் ஊதிக் கேட்பது இதுதான் முதல் முறை. நன்றாகத்தான் ஊதுகிறாள். இதோ இரண்டாவது. டாக்டரும் நோயாளிகளும் வெளியே ஓடுகிற சத்தம் கேட்கிறது. மூன்றாவதும் ஊதிவிட்டாள், மாப்பிள்ளை. விதி நான் எழுதியது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போயாக வேண்டும், எதற்கு என்று கேட்கக் கூடாது, எழுதிக்கொண்டிருந்தால் வாக்கியத்தை