பனி எங்கிருந்து கொட்டும்?

நான் ஒரு முட்டாள். கடைசியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சொல்வதைவிட முதலிலேயே நானே சொல்லிக்கொள்வது கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அதிலும் சாதாரண முட்டாள் இல்லை. பரிசோதனை செய்து, ஆதாரத்தோடு நிரூபித்த முட்டாள்.

கந்தப்பளைக் கடைவீதியில் எனக்கு ஒரு போன் திருத்தும் கடை. ஊராரின் போன்களைக் கழற்றிப் போட்டுவிட்டு என் போனில் விவாதம் செய்வதுதான் உண்மையான தொழில். 'பூமியும் நாமும்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. கருந்துளை, ஒளியின் வேகம், காலநிலை மாற்றம் என்று நாங்கள் பேசாத விஷயம் கிடையாது. (புரிந்துகொண்ட விஷயமும் கிடையாது.) அதில் நிஜமாகவே பௌதிகம் படித்தவர் ஒரே ஒருவர், குணரத்தினம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், நுவரெலியாவில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். விஞ்ஞானக் குழுவில் விஞ்ஞானம் தெரிந்தவர் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஜனவரியில் ஒரு பதிவு போட்டேன்: "உலகம் சூடாகிக்கொண்டே போகிறது. ஆகவே இனி நம் பக்கம் பனி கொட்டிப் பயிர் கருகாது." கட்டைவிரல்கள் குவிந்தன. சேர் மட்டும் எழுதினார்: "உலகம் சூடாகிறது உண்மைதான் தம்பி. அதுக்காக இண்டைக்கு இரவு குளிராது எண்டு ஆர் சொன்னது?"

என்ன அநியாயம்! காலநிலை மாற்றத்தை ஆதரித்து எழுதிய என்னையே ஒரு மனிதர் மறுப்பதா? ஆத்திரத்தில் ஓங்கி முறுக்கியதில், கையிலிருந்த போனின் திருகாணி ஒன்று எங்கோ தெறித்துப் போனது. (இன்றுவரை கிடைக்கவில்லை. போனுக்குச் சொந்தக்காரருக்கும் தெரியாது.) உடனே அடித்தேன்: "பனி கொட்டுகிறது என்றுதானே சொல்கிறோம்? கொட்டுவதென்றால் மேலேயிருந்துதான் கொட்ட வேண்டும். அதற்கு மேகம் வேண்டும். ஒரு வாரமாக வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது. மேகமே இல்லாமல் பனி எங்கிருந்து கொட்டும்?"

"பனி கொட்டுறேல்லைத் தம்பி. மேகம் இல்லாட்டித்தான் தரையின்ரை வெப்பம் தடையில்லாமல் மேலை போகும். இலை குளிர்ந்து, அதிலையே பனி பிடிக்கும்."

"பனங்கொட்டை கொட்டுற ஊர்க்காரருக்குப் பனி கொட்டுறதப் பத்தி என்ன தெரியும்?" என்று போட்டேன். சிரிப்பு முகங்கள் வரிசைகட்டி வந்தன. அன்றைக்குக் குழுவின் மாபெரும் விஞ்ஞானி நான்தான்.

அந்தப் பெருமையோடு மாலையில் வீட்டுக்குப் போனால், எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் என் மனைவி செல்வி உருளைக்கிழங்குச் செடிகளைப் பழைய தேயிலைக் கொழுந்துச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று அமைந்த முதல் பாத்தி அது. விதைக்கிழங்கை அவள் அண்ணன் பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். தினமும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதற்கு முன்னால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவாள். முதல் கிழங்கு அண்ணன் வீட்டுக்குத்தான் என்று வேண்டுதல் மாதிரி சொல்லிவைத்திருந்தாள்.

"எதுக்கு இது?"

"வானம் வெளிச்சிருக்குங்க. பனி கொட்டும்."

வீட்டுக்குள்ளேயுமா எதிர்க்கட்சி! அவள் ரொட்டி சுட உள்ளே போனதும் குழுவில் அறிவித்தேன்: "என் வீட்டுத் தோட்டத்திலேயே பரிசோதனை. நாளை பத்து மணிக்குப் படம்."

"வேண்டாம் தம்பி, கிழங்கோடை விளையாடாதேயும்" என்றார் சேர்.

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். சாக்குகளை உருவி, அழகாக மடித்து, விறகுக்கு அடியில் ஒளித்தேன். ஒரு வரிசையை மட்டும் மூடியபடியே விட்டேன். விஞ்ஞானம் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே!

விடிந்தபோது பாத்தி முழுக்க உப்புத் தூவிய மாதிரி வெள்ளை. தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பி நின்ற செல்வி அதைப் பார்த்தாள். பிறகு, மடித்த சாக்கின் நுனி நீட்டிக்கொண்டிருந்த விறகைப் பார்த்தாள். பிறகு என்னை.

"சாக்கெல்லாம் எங்க?"

"காத்து... ராத்திரி பெரிய காத்து..."

"காத்தா மடிச்சு வச்சிச்சி?"

கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள். வெயில் ஏற ஏற, கொதிநீர் ஊற்றிய மாதிரி இலைகள் கறுத்துத் தொங்கின. மூடியிருந்த அந்த ஒரு வரிசை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த மாதிரி. எங்கள் குழுவின் வரலாற்றிலேயே முறையாக நடந்த ஒரே பரிசோதனை அதுதான். அதுவும் சேர் சொன்னதை நிரூபிப்பதற்காக, என் செலவில், இல்லை, என் பெண்சாதியின் செலவில்!

பத்து மணிக்குக் குழு கேட்டது: "படம் எங்கே?" பேட்டரி போய்விட்டதாக எழுதினேன். (பேட்டரி போன போனில் எப்படி எழுதினாய் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் எங்கள் குழுவின் தரம்.) பகல் சாப்பாட்டுக்கு வந்த செல்வி என் கையிலிருந்து போனை வாங்கி, குழுவில் நடந்ததையெல்லாம் படித்தாள். பாத்தியைப் படம் பிடித்தாள். குழுவில் போட்டாள். குரல்பதிவும் அனுப்பினாள்: "சேர், நான் இவரு வீட்டுக்காரி பேசுறேன். நீங்க சொன்னதுதாங்க சரி. இவருதான் சாக்க எடுத்தது."

"குறை நினையாதேங்கோ தங்கச்சி" என்று சேர் பதில் போட்டார். மிச்சப் பேர் எனக்கு நேற்றுப் போட்ட அதே சிரிப்பு முகங்களையே திரும்பவும் போட்டார்கள். துரோகிகள்!

அந்த ஒரு வரிசையில் கிடைத்த கிழங்கு ஒரு சிறு பையளவுதான். அதைச் செல்வி சொன்னபடியே அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். எங்கள் சட்டியில் ஒன்றுகூட விழவில்லை. அன்றிலிருந்து மச்சான் போன் எடுத்தால் சுகம் விசாரிப்பதே இல்லை. "மாப்புள, இன்னைக்கு மேகம் இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

இந்த ஜனவரியிலும் வானம் வெளுத்த ஒரு மாலை வந்தது. இருவரும் சாக்கை விரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உனக்குத் தெரியுமா செல்வி, பனி உண்மையில கொட்டுறதில்ல. தரையில இருக்கிற வெப்பம் இருக்கே, அது..."

"சாக்கப் பிடிங்க."